பூச்சியமும் ஒன்றும் இடம் மாறியபோது

தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். இது நிதானமாகப் பார்க்க வேண்டிய விசயம்.

கோப்புகளுக்குள் ஒரு சொல்லைத் தேடித்தரும் கருவி கிரெப். 1970களின் தொடக்கத்தில் கென் தொம்சன் யுனிக்ஸுக்காக எழுதியது. லினக்ஸில் நாம் பாவிப்பது அதன் குனு வடிவம். தேடி முடித்ததும், தன்னை அழைத்த ஸ்கிரிப்டுக்குச் சத்தமில்லாமல் ஓர் எண்ணைக் கொடுக்கும்: கிடைத்தால் பூச்சியம், கிடைக்காவிட்டால் ஒன்று, கோளாறென்றால் இரண்டு. நாம் திரையைப் பார்க்கிறோம். ஸ்கிரிப்ட் அந்த எண்ணைப் பார்க்கிறது.

கிரெப்போடு பெரிய எல் சேர்த்தால், சொல் இல்லாத கோப்புகளின் பெயரைத் தரும். ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒவ்வொரு டிவிஷனின் செக்ரோல் எனும் வருகைப் பதிவேடும் ஒரு கோப்பாக வருகிறது, கணக்கு சரியானதும் கடைசியில் 'முடிந்தது' என்று எழுதுகிறார்கள் என்று வையுங்கள். இரவில் ஒரு ஸ்கிரிப்ட் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பெரிய எல் போட்டுப் பார்க்கிறது. சொல் இருந்தால் பூச்சியம் வரும், சம்பளக் கணக்குக்கு அனுப்பும். இல்லாவிட்டால் ஒன்று வரும், நிறுத்திவைக்கும்.

2018 டிசம்பரில் வந்த குனு கிரெப்பின் 3.2 பதிப்பு இதைத் தலைகீழாக்கியது. கோப்பின் பெயர் பட்டியலில் விழுந்தால் பூச்சியம் என்றாக்கினார்கள். தர்க்கத்தில் குறையில்லை, இல்லாததைத் தேடச் சொன்னோம், அது கிடைத்தது. ஆனால் நம் ஸ்கிரிப்ட் இப்போது முடியாத செக்ரோலைச் சம்பளத்துக்கு அனுப்பும், முடிந்ததைப் பிடித்துவைக்கும். முடியாத செக்ரோலில் பேர் விழாதவருக்குச் சம்பளம் குறையும். எங்கும் ஒரு பிழைச்செய்தி வராது. ஸ்கிரிப்டைத் திறந்து பார்ப்பவருக்கு ஓரெழுத்தும் மாறியிருக்காது. எனக்குப் பெரிதாகப் படுவது இந்த மௌனம்தான். ஒப்பிட்டுப் பாருங்கள்: 2022இல் வந்த 3.8 பதிப்பு, ஈகிரெப் என்ற பழைய கட்டளையை ஓட்டினால் எச்சரிக்கை காட்டத் தொடங்கியது; அதிலும் சில ஸ்கிரிப்டுகள் தடுமாறின, ஆனால் காரணம் கண்முன்னே எழுதியிருந்தது.

பெரிய எல்லுக்கு வருவோம். 2020 செப்டம்பரில் 3.5 பதிப்பு பழைய எண்ணுக்கே திரும்பியது. இடையில் வந்த பதிப்புகள் ஒத்துப்போகாமல் சிக்கல் தந்ததை வெளியீட்டுக் குறிப்பிலேயே சொன்னார்கள். தர்க்கத்தைவிட, அந்த எண்ணை நம்பி எழுதியவர்களை மதித்த முடிவு அது. நான் அதை மனதார ஏற்கிறேன்.

ஆனாலும் உபுண்டு 20.04இல் இருப்பது 3.4, டெபியன் 10இல் 3.3. அப்படியான கணினி உங்கள் அலுவலகத்தில் இன்னும் ஓடலாம். ஆகவே பெரிய எல் தரும் எண்ணை நம்பாதீர்கள். சின்ன கியூ போட்டு, சொல் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். அதன் பூச்சியமும் ஒன்றும் இந்தப் பதிப்புகள் எதிலும் இடம் மாறவில்லை.