பாட்டியின் "ஸ்ஸ்ஸ்" சத்தமும் ஓர் அரிசி பேஸ்ட்டும்

காரைக்கால் தருமபுரம் பக்கம் பாட்டிமார் காலை நீட்டி உட்கார்ந்து, பாதங்களுக்கு நடுவே குழந்தையை வைத்து "ஸ்ஸ்ஸ்" என்பார்களே, அது வெறும் சத்தம் இல்லைங்க. தினமும் அதே நேரம், அதே சத்தம் என்றால் உடல் பழகிவிடும். கிழக்கு ஆப்பிரிக்காவின் டிகோ தாய்மாரிடமும் இதே முறை இருப்பதை 1977-இல் டிவ்ரீஸ் ஆய்வு பதிவு செய்தது.

டயப்பரில் ஈரம் உறைப்பதில்லை. குழந்தைக்குத் தெரிவதும் இல்லை. திடீரென்று டாய்லெட்டில் உட்காரவைத்துத் திட்டினால் பயத்தில் அடக்கும். அடக்கினால் மலம் இறுகும், வலிக்கும், இன்னும் அடக்கும். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும். அப்போது சில நிமிஷம் உட்காரவைத்தால் போதும். வரலைன்னா விட்டுடுங்க.

பல்லுக்கும் நேரம்தான் முக்கியம். முதல் பல் முளைத்ததுமே காலை, இரவு தேய்க்கணும். மூணு வயசு வரை ஃப்ளோரைடு பேஸ்ட் ஓர் அரிசி அளவுதான். குழந்தை கையில் ஒரு பிரஷ் இருக்கட்டும், தேய்ப்பது நீங்க.