பயந்து விலகுவது வேறு, மனம் தளர்வது வேறு

2024 ஆகஸ்டு 23, வெள்ளிக்கிழமை காலை. ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை திடீரென உள்வாங்கியது. இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு சுற்றுப்பயணி எட்டு மீட்டர் ஆழப் பள்ளத்தில் விழுந்தார். ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. அதன்பின் அந்தப் பக்கம் மக்கள் வருகை குறைந்தது. வியாபாரம் படுத்துவிட்டது என்று கடைக்காரர்கள் செய்தியாளர்களிடம் வருந்தினார்கள்.

இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், நம் மாணவர்களில் பலர் இரு தரப்பாருக்கும் ‘டிஸ்கரேஜ்’ என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுவார்கள். தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் யாருக்கு என்ன நேர்ந்தது என்பது அதில் தெளிவாகத் தெரியாது.

கடைக்கு வர நினைத்தவர்களைத் தடுத்தது பயம். அதற்கு ‘டிட்டர்’ என்ற சொல் இருக்கிறது. ‘அச்சுறுத்து’ எனும் பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. கடைக்காரர் நிலை வேறு. அவர் கடையைத் திறந்து உட்கார்ந்திருக்கிறார். ஆள் வராததைப் பார்த்துப் பார்த்து மனம் தளர்கிறார். அவர்தான் ‘டிஸ்கரேஜ்ட்’. ‘கரேஜ்’ என்பதன் வேர், இதயத்தைக் குறிக்கும் ‘கோர்’ என்ற லத்தீன் சொல். தாத்தா பாட்டி காலத்துத் தமிழில் ‘அதைரியப்படுத்தாதே’ என்பார்களே, அதே அமைப்பு: தைரியத்துக்கு முன்னால் ஓர் ‘அ’, கரேஜுக்கு முன்னால் ஒரு ‘டிஸ்’.

மலாயில் ‘தாவார் ஹாத்தி’ என்பார்கள். உப்புச் சப்பில்லாமல் போன மனம்! (மஸ்ஜித் இந்தியாவில் சேலைக்குப் பேரம் பேசும் ‘தாவார்’ வேறு.)

இன்னொரு பொருளும் உண்டு. அறிவிப்புப் பலகையில் ‘டிஸ்கரேஜ்ட்’ என்றிருந்தால் அது தடை அல்ல. மலாயில் ‘தீடாக் டிகாலாக்கான்’. தடை என்றால் ‘டிலாராங்’. விண்ணப்பப் பாரங்களைப் படிக்கும்போது இந்த வேறுபாடு முக்கியம்.

மதிப்பெண் போகும் இடம் இலக்கணம். ‘என்கரேஜ்’ என்றால் பின்னால் ‘டு’ வரும். அந்தப் பழக்கத்தில் ‘டிஸ்கரேஜ்ட் மீ டு அப்ளை’ என்று எழுதிவிடுகிறோம். ‘டிஸ்கரேஜ்ட் மீ ஃப்ரம் அப்ளையிங்’ என்பதே சரி. ஒன்று ஒரு செயலை நோக்கித் தள்ளுகிறது, மற்றது அதிலிருந்து விலக்குகிறது என்று நினைவில் வையுங்கள். மனம் தளர்ந்த மாணவர் ‘ஐ எம் டிஸ்கரேஜிங்’ என்று எழுதினால், பிறர் மனத்தைத் தளரச் செய்பவர் அவர்தான் என்று பொருளாகிவிடும்!

முவெட் தேர்வில் வேலையின்மை பற்றி எழுத நேர்ந்தால் ஒரு தொடர் கைகொடுக்கும்: ‘டிஸ்கரேஜ்ட் வொர்க்கர்’. வேலை செய்ய விருப்பம் உண்டு. கிடைக்காது என்று நம்பித் தேடுவதை விட்டவர். நம் நாட்டுப் புள்ளிவிவரத் துறை, இப்படிப்பட்டவர்களையும் வேலையில்லாதோர் கணக்கில் ஒரு தனிப் பிரிவாகச் சேர்க்கிறது. அமெரிக்காவில் அப்படி இல்லை. கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடாதவர், பொதுவாக வேலையில்லாதவர் பட்டியலில் வரமாட்டார். ஆகவே அங்கே வேலையின்மை விகிதம் இறங்கியது என்ற செய்தியைப் படித்தால், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் தேடுவதை விட்டார்கள் என்று இரண்டையும் பார்க்க வேண்டும்.