தலையணைக்கு அடியில்...

எனக்கு வயது 36. பத்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். இந்தப் பகுதியை விடாமல் படிப்பேனே தவிர, இதுவரை ஒரு வரி எழுதிப் போட்டதில்லை. போன மே மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

நாங்கள் இருப்பது திருவொற்றியூரில். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீடு. கணவர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். எண்ணூர் துறைமுகத்துக்கு லோடு ஏற்றிப் போனால், வண்டி வரிசையில் நின்று நின்று சில சமயம் இரண்டு ராத்திரி கூட வீட்டுக்கு வர முடியாது. அதனால் வீட்டில் உள்ள ஒரே போனை நான் அணைத்ததே கிடையாது. எந்த நேரத்தில் கூப்பிடுவாரோ என்று கையோடு வைத்திருப்பேன். அடுப்படிக்குப் போனாலும் கூடவே வரும். சாம்பார் கொதிக்கும்போது அடுப்புத் திட்டிலேயே கிடக்கும்.

அந்தப் போன் 2020-ல், ஊரடங்கு நேரத்தில், மகளின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய செகண்ட் ஹேண்ட் போன். நடுவில் சார்ஜ் நிற்கவில்லை என்று ஒரு கடையில் பேட்டரி மாற்றினோம். "ஒரிஜினல் போடணுமா, லோக்கல் போதுமா?" என்று கேட்டார்கள். லோக்கல் போதும் என்று சொன்னது நான்தான். மிச்சம் பிடித்த பணத்தில் பையனுக்கு ஸ்கூல் ஷூ வாங்கினேன். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை!

கத்திரி வெயில் ஆரம்பித்ததும் போன் சுட ஆரம்பித்தது. சார்ஜில் போட்டுக்கொண்டே மகள் பாட வீடியோ பார்ப்பாள். எடுத்துக் கொடுக்கும்போது தோசைக்கல் மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா, "ஃபிரிட்ஜ்ல கொஞ்ச நேரம் வெச்சு எடும்மா, சில்லுனு ஆயிடும்" என்றார். நானும் தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தேன். வெளியே எடுத்ததும் கண்ணாடி முழுக்க வேர்த்துக் கொட்டியது. அந்த ஈரம் போனுக்கு உள்ளேயும் படியும் என்பது அப்போது தெரியாது.

பத்து நாள் போயிருக்கும். போனின் முதுகு லேசாகத் தூக்கிக்கொண்டது. மேஜையில் வைத்தால் ஆடியது. மகள் பார்த்துவிட்டு, "அம்மா, போன் முழுகாம இருக்கு பாரேன்!" என்றாள். எல்லாரும் சிரித்தோம். நான் என்ன செய்தேன் தெரியுமா? மூடியை நன்றாக அழுத்தி, இரண்டு ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி வைத்தேன். அடுத்த சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. குக்கர் கைப்பிடிக்குக் கம்பி கட்டி ஓட்டுகிறோமே, அந்த மாதிரி.

அன்றைக்கு ராத்திரி அவர் துறைமுக வரிசையில். "அப்பா கூப்பிட்டா நான் எடுக்கறேன், நீ தூங்கும்மா" என்று மகள் போனைச் சார்ஜில் போட்டுத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாள். ராத்திரி இரண்டு மணி இருக்கும். நகப்பூச்சு வாடை மாதிரி ஏதோ மூக்கில் ஏறியது. இந்நேரத்தில் யார் நெயில் பாலிஷ் போடுகிறார்கள் என்று அரைத் தூக்கத்தில் யோசிக்கிறேன், 'உஸ்' என்று ஒரு சத்தம். கண் திறந்தால் மகளின் தலைமாட்டில் புகை!

அவளைக் கையைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினேன். சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன். அதற்குள் தலையணையில் தீ பிடித்துவிட்டது. அடுப்படி இடுக்கியால் வயரைப் பிடித்து இழுத்து, தலையணையும் போனுமாக வாசலுக்குக் கொண்டுபோய், குழாயடிக்கு வைத்திருந்த பக்கெட் தண்ணீருக்குள் போட்டேன். மகளுக்குப் பின்பக்கத் தலைமுடி கொஞ்சம் பொசுங்கியது. மற்றபடி ஒரு காயம் இல்லை. தலையணையில் கையகல ஓட்டை. தலை இருந்த இடத்துக்கும் அதற்கும் நான்கு விரற்கடைதான். அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

அடுத்த கூத்தைக் கேளுங்கள். சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கா தன் போனை நீட்டி, "வூட்டுக்காரு நம்பர் சொல்லு" என்றார். எனக்குத் தெரியவில்லை! பதினேழு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், அவர் நம்பர் மனப்பாடம் இல்லை. என் அம்மா நம்பரும் தெரியாது. எல்லாம் தண்ணீருக்குள் இருந்த அந்தப் போனுக்குத்தான் தெரியும். அங்கே அவரோ நாலைந்து முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பயந்துபோய், வண்டியைக் கிளீனரிடம் விட்டுவிட்டு விடிந்ததும் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். முகத்தில் ரத்தம் இல்லை.

கரண்டு சாமானில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்ததால், அவசரத்தில் தப்புப் பண்ணிவிட்டேனோ என்று எனக்கு ஒரு பக்கம் உறுத்தல். விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலையில் இருக்கும் என் தம்பிதான், "சுவிட்சை அணைச்சிட்டுத்தானே போட்டே? அப்போ சரிதான்க்கா. நம்ம மெட்ராசுக்கு வந்த பிளேன்லயே இப்படி நடந்திருக்கு" என்றான். 2016 செப்டம்பர் 23-ம் தேதி சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்த இண்டிகோ விமானத்தில், தலைக்கு மேலே பை வைக்கும் இடத்திலிருந்து புகை வந்ததாம். பார்த்தால் ஒரு பயணியின் சாம்சங் நோட் 2 போன். விமானப் பணியாளர்கள் தீயணைப்பானை அடித்துவிட்டு, அந்தப் போனைத் தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தில் போட்டுக் கழிவறையில் வைத்தார்கள். விமானம் பத்திரமாக இறங்கியது. இந்தப் பேட்டரியில் வெளித் தீயை அணைத்தாலும் உள்ளே சூடு அடங்காதாம். விட்டால் மறுபடி பற்றும். அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் தண்ணீர்.

தேரடிப் பக்கம் போன் ரிப்பேர் பார்க்கும் பையன் இன்னும் விவரமாகச் சொன்னான். பேட்டரிக்குள் இரண்டு தகடுகள் சுருட்டி வைத்திருக்குமாம். இரண்டும் தொடாமல் இருக்க நடுவில் மெல்லிய தாள் மாதிரி ஒரு தடுப்பு. சூட்டிலோ, மட்டமான தயாரிப்பினாலோ உள்ளே வாயு சேர்ந்தால் பேட்டரி உப்பும். அந்தத் தடுப்பு கிழிந்து தகடுகள் தொட்டுக்கொண்டால் போச்சு. அதே 2016-ல் சாம்சங் நோட் 7 என்று ஒரு போன் ஆகஸ்ட் மாதம் விற்பனைக்கு வந்து, பல இடங்களில் தீப்பிடித்ததால், இரண்டே வாரத்தில் சுமார் 25 லட்சம் போன்களைக் கம்பெனி திரும்பக் கேட்டது. வேறு பேட்டரி போட்டுக் கொடுத்தும் அடங்கவில்லை. அக்டோபரில் அந்தப் போன் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். 2017 ஜனவரியில் காரணம் சொன்னார்கள். முதல் பேட்டரியில் மேல் மூலையில் இடம் போதாமல் தகடு நசுங்கியதாம். இரண்டாவதில் பற்றவைத்த இடத்தில் பிசிறு.

மூலையில் கொஞ்சம் நசுங்கியதற்கே அந்தப் பாடு. நான் ரப்பர் பேண்டு போட்டல்லவா நசுக்கி வைத்தேன்! பையன் சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன், "அக்கா, உப்புன பேட்டரியை அமுக்கக் கூடாது, குத்தக் கூடாது, சார்ஜும் போடக் கூடாது. அப்படியே கொண்டாந்துடணும்" என்றான்.

ஆப்பிள் கம்பெனி தன் போன்களை 35 டிகிரிக்குள் இருக்கும் இடத்தில்தான் பயன்படுத்தச் சொல்கிறது. மே மாதத்து ஷீட் வீட்டுக்குள் 35 டிகிரியை எங்கே போய்த் தேடுவது? அதனால் நம்மால் ஆனதைத்தான் செய்ய வேண்டும். இப்போது ராத்திரிச் சார்ஜ் கிடையாது. விடிகாலையில், உறையைக் கழற்றி, வெறும் சிமெண்டுத் தரையில் வைத்துப் போடுகிறேன். சார்ஜில் இருக்கும்போது யாரும் தொடக் கூடாது. சுட்டால் வயரைப் பிடுங்கி மின்விசிறிக் காற்றில் வைக்கிறோம். ஃபிரிட்ஜுக்கும் அடுப்புத் திட்டுக்கும் அது போவதே இல்லை.

வெந்துபோன போனைக் "குப்பைத் தொட்டில போடும்மா" என்றார் அக்கா. எங்கள் குப்பை கொடுங்கையூருக்குப் போகிறது. அங்கே ஏற்கெனவே எத்தனை முறை எரிந்து, எத்தனை நாள் புகைந்திருக்கிறது! இதையும் அதில் சேர்க்க மனசு வரவில்லை. பழைய பேட்டரியைக் குப்பையோடு போடக் கூடாது என்று 2022-ல் விதியே வந்திருக்கிறதாம். ஒரு மண்சட்டியில் மணல் கொட்டி, அதற்குள் புதைத்து, இரண்டு நாள் வாசலிலேயே வைத்திருந்து, பழைய பேட்டரிகளைச் சேர்த்து அனுப்பும் அந்தப் பையனிடமே கொடுத்தேன்.

இப்போது இருப்பது தவணையில் வாங்கிய போன். சமையலறைக் காலண்டரின் பின்பக்கம் ஐந்து நம்பர்கள் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அவர் நம்பரை நானும் இரண்டு பிள்ளைகளும் மனப்பாடம் பண்ணிவிட்டோம். அவர் மட்டும் இன்னும் போனை லாரியின் முன்கண்ணாடி ஓரமாக, வெயிலில்தான் வைக்கிறாராம். கிளீனர் பையன் சொன்னான். வீட்டுக்கு வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

- ஒரு வாசகி, திருவொற்றியூர்.