இணைய விளையாட்டும் பிள்ளைப் பருவமும்

விளையாட்டுப் பிள்ளைகட்கு ஆகாதென்று தமிழ்ச் சான்றோர் கருதியவரல்லர். உவகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாகத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வைத்தார். பிள்ளைத்தமிழ் பாடிய புலவரோ, பத்துப் பருவங்களின் இறுதியில் ஆண்பாற்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண்பாற்கு அம்மானை, ஊசல் முதலியன என்றும் வகுத்தனர். இதனால் நாம் பெறுவது யாது? விளையாட்டு நன்று, ஆயின் அது பருவத்திற்கு ஏற்றதாதல் வேண்டும் என்பதே. இவ்வளவுகோலைக் கொண்டு, இன்று நம் மாணவரிடையே பெரிதும் வழங்கும் 'மொபைல் லெஜண்ட்ஸ்' என்னும் கைப்பேசி விளையாட்டை ஆராய்வோம்.

முதற்கண் இது நம் பிள்ளைகளிடம் வந்த வழியை அறிதல் வேண்டும். பேராவில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடங்கொடுத்தன. தோட்டத் திடலில் சடுகுடு ஆடியவர்களின் பேரப்பிள்ளைகள் ஈப்போவின் அடுக்குமாடி வீடுகளில் வளர்கின்றனர். 2020 மார்ச் 18 இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின், பாடத்தின் பொருட்டே பெற்றோர் கைப்பேசி வாங்கித் தந்தனர். பாடம் வகுப்பறைக்குத் திரும்பிற்று. கைப்பேசி பிள்ளையிடமே தங்கிற்று.

2016 இல் வெளிவந்த இவ்விளையாட்டில் ஐவர் ஓரணியாகவும் ஐவர் எதிரணியாகவும் நின்று, மூன்று வழிகளிலே முன்னேறிப் பகைவரின் தளத்தை அழிக்க முயல்வர். ஆடுவோர் வெவ்வேறு ஊரினராகவும் நாட்டினராகவும் இருக்கலாம். 2019 இல் பிலிப்பைன்சில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் இதற்குப் பதக்கமும் வழங்கப்பட்டது. ஆகவே இதனை வீண்பொழுது என்று ஒரு சொல்லால் தள்ளிவிடுதல் பொருந்தாது. கூடித் திட்டமிடலும், விரைந்து முடிவெடுத்தலும் இதில் உண்டு.

இதிலுள்ள கற்பனை கெடுதி பயக்குமோ என்று சிலர் அஞ்சுவர். இதில் வரும் வீரருள் நம் பாரதத்துக் கடோற்கசனும் ஒருவன். மலாய் மரபுக் கதையின் வலியோனாகிய பாடாங்கும் ஒருவன். அரக்கரும் மாயமும் நிறைந்த கதைகளைக் கேட்டே நாமும் வளர்ந்தோம். கற்பனை பிள்ளையைக் கெடுப்பதில்லை. ஆராய வேண்டியவை வேறு மூன்று: காலம், கூட்டு, காசு.

காலத்தை நோக்குவோம். ஓர் ஆட்டம் ஏறத்தாழப் பத்து முதல் இருபது நிமிடம் நீளும். இடையில் நிறுத்திவைக்க இயலாது. நடுவே விலகினால் ஆடுவோனின் நன்மதிப்புப் புள்ளி குறையும். தோழர் நால்வரும் இடர்ப்படுவர். "உடனே நிறுத்து" என்று தாய் கூறுங்கால் பிள்ளை சினப்பதற்குக் காரணம் இதுவே. எனவே நிமிடக் கணக்கைவிட ஆட்டக் கணக்கே தக்கது. "இரண்டு ஆட்டம்; பின் உணவு" என்று முன்னரே உரைத்தல் நன்று. தரவரிசை பருவந்தோறும் கீழிறக்கப்படுதலால், ஏறியவன் மீண்டும் ஏற முயல்வான், இவ்வாட்டத்திற்கு முடிவில்லை.

அடுத்தது கூட்டு. திடலில் யாருடன் ஆடுகிறான் என்பதைத் தாய் சன்னலிலிருந்து காண்பாள். இங்கோ முகமறியாதவர் எழுத்தாலும் குரலாலும் பேசுவர். தோல்வியில் எழும் வசைமொழி பத்து வயதுச் செவிக்கு உரியதன்று. அயலார் வயதையும் பள்ளியையும் வினவினால் விடை கூறலாகாது என்பதைப் பாடமாகவே கற்பித்தல் வேண்டும்.

மூன்றாவது காசு. ஆட்டம் இலவசமே, ஆயின் வீரர்க்குரிய புதுத்தோற்றங்களை 'வைரம்' என்னும் ஆட்டப்பணத்தாற் பெறுகின்றனர். அவ்வைரத்திற்கு மெய்ப்பணம் தரல் வேண்டும். சில தோற்றங்கள் குலுக்கல் முறையில் கிடைப்பன. அடுத்த குலுக்கலில் வரும் என்னும் ஆசை சூதின் தன்மையது. ஆதலின் பணம் செலுத்தும் வழியைப் பெற்றோர் தம் கையிலேயே வைத்திருத்தல் வேண்டும்.

சட்டம் இதனைத் தீர்க்குமோ? தென்கொரியா 2011 இல் பதினாறு வயதிற்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை ஆறு மணிவரை கணினியில் இணைய விளையாட்டு ஆடுவதைத் தடுத்தது. பிள்ளைகள் கைப்பேசிக்கு மாறினர். 2022 தொடக்கத்தில் அச்சட்டம் நீங்கிற்று. சீனா 2021 இல் பதினெட்டு வயதிற்குட்பட்டோர்க்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் மட்டும் இரவு எட்டு முதல் ஒன்பது மணிவரை இசைவளித்தது. எச்சட்டமாயினும் வீட்டின் கண்காணிப்பிற்கு ஈடாகாது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பகுப்பில் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றுள்ளது. அப்பகுப்பு 2022 இல் நடைமுறைக்கு வந்தது. அடக்க இயலாமை, பிறவற்றினும் ஆட்டத்தையே முதன்மையாகக் கொள்ளல், கேடு கண்டும் விடாமை ஆகியவை பொதுவாகப் பன்னிரண்டு திங்கள் நீடித்தலே அதன் குறி. எனவே நாளும் ஆடும் பிள்ளையெல்லாம் நோயாளி அல்லன். உறக்கம், உணவு, நட்பு, படிப்பு ஆகிய நான்கும் குறைகின்றனவா என்பதையே ஆசிரியர் காணல் வேண்டும்.

எம் முடிவு இது: நான்காம் ஆண்டு வரையுள்ள சிறார்க்கு இவ்விளையாட்டு ஏற்றதன்று. ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர், பெரியவர் அருகிருக்க, அறிந்த நண்பருடன் மட்டும், உரையாடலை அடைத்துவைத்து, விடுமுறை நாளில் ஆடலாம். இடைநிலைப் பள்ளி மாணவர்க்கு ஆட்டக் கணக்கும் காசுக் கட்டுப்பாடும் வேண்டும். பெற்றோர் ஒருமுறையேனும் உடனமர்ந்து ஆடிப் பார்த்தபின் இசைவளித்தல் சிறப்பு.

தடுப்பது மட்டும் போதாது. தடுக்கப்பட்ட பிள்ளை மாலையில் எங்கே செல்வான்? பள்ளித் திடலை மாலையிலும் திறந்துவைத்து, சடுகுடுவும் பந்தாட்டமும் நடத்துதல் ஆசிரியர்களாகிய நம் கடன். ஐவர் கூடி வெல்லும் இன்பத்தை மண்ணிலும் பெற்ற பிள்ளைக்குக் கைப்பேசி பல விளையாட்டுகளுள் ஒன்றாக மட்டுமே அமையும்.