ஆய்வில் குறை சொன்னார்களா? ‘விரைவில் சரி செய்யப்படும்’ என்று எழுதினால் போதாது!

உங்கள் அத்தை தங்கியிருக்கும் காப்பகத்துக்கு அதிகாரிகள் ஆய்வுக்கு வருகிறார்கள். நான்கைந்து குறைகளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அடுத்து என்ன? காப்பகம் நடத்துபவர் பதில் எழுதித் தர வேண்டும். எந்தக் குறையை, யார், எந்தத் தேதிக்குள், எப்படிச் சரிசெய்யப் போகிறார் என்று சொல்லும் பதில் அது. குறைநிவர்த்தித் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். அவசரத்தில் பலருக்கும் கைக்கு வருவது ஒரே வரிதான்: ‘சுட்டிக்காட்டப்பட்ட குறைகள் விரைவில் சரி செய்யப்படும்.’

அந்த ஒரு வரியை ஏன் ஏற்கக் கூடாது என்று இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களிடம் அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். 28 பேர் இறந்துபோனார்கள். ஒரு வாரத்தில் ஏர்வாடியில் இருந்த இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டோர் அரசின் பராமரிப்புக்கு வந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. இத்தனைக்கும் மனநலக் காப்பகம் நடத்த உரிமம் வேண்டும் என்ற 1987ஆம் ஆண்டு சட்டம் அப்போதே இருந்தது.

இப்போது நடைமுறையில் இருப்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம். இதன்படி பதிவு செய்யாமல் மனநல நிலையம் நடத்தக் கூடாது. பிரிவு 95 சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்கிறது. ஆய்வு பற்றிப் பேசுவது பிரிவு 68. புகார் வந்தாலும், வராவிட்டாலும் மாநில மனநல ஆணையம் ஆய்வுக்கு உத்தரவிடலாம். புகாரை ‘எந்த நபரும்’ கொடுக்கலாம் என்கிறது சட்டம். அதாவது நீங்களும் கொடுக்கலாம். ஆய்வின் முடிவைக் காப்பகத்துக்குத் தெரிவித்து, அவர்கள் கருத்தையும் கேட்டு, இன்ன காலத்துக்குள் இன்ன மாற்றம் செய்ய வேண்டும் என்று ஆணையம் உத்தரவிடலாம். செய்யாவிட்டால் பதிவு ரத்தாகலாம்.

சரி, பதிலை எப்படி எழுதுவது? ஒரு உதாரணம் பார்ப்போம். இது புரிவதற்காக நாமே உருவாக்கியதுதான்.

ஆய்வில் கண்ட குறை: ‘இரவில் ஒரு பெண்மணியின் கால் கட்டிலோடு துணியால் கட்டப்பட்டிருந்தது.’ காப்பகம் எழுதிய பதில்: ‘கட்டு அவிழ்க்கப்பட்டது.’

பொய் இல்லை. ஆனால் அடுத்த வாரமே மறுபடியும் கட்டுவார்கள். ஏன்னா, எதற்காகக் கட்டினார்கள் என்று யாருமே கேட்கவில்லை. கேட்டுப் பார்த்தால் விஷயம் வேறாக இருக்கும். இரவுப் பணியில் ஒரே ஒரு ஆயாம்மா. முப்பது பேரை அவர் ஒருவரே பார்க்க வேண்டும். அந்தப் பெண்மணி எழுந்து கேட் வரை நடந்து போய்விடுகிறார். வேறு வழி தெரியாமல் கட்டிவிடுகிறார் ஆயாம்மா. அப்படியென்றால் உண்மையான குறை துணியில் இல்லை, ஆள் பற்றாக்குறையில் இருக்கிறது. பதிலும் அதற்குத்தான் எழுத வேண்டும்: இரவுப் பணிக்குக் கூடுதலாக இருவர், இந்தத் தேதி முதல். அந்தப் பெண்மணியை மனநல மருத்துவர் இந்தத் தேதியில் பார்ப்பார். வேறு யாரையாவது இப்படிக் கட்டியிருக்கிறார்களா என்று எல்லாக் கட்டிலையும் இன்றே பார்த்தாயிற்று. இரவு எத்தனை பேர் பணியில் இருந்தார்கள் என்பதை மேலாளர் தினமும் பதிவேட்டில் பார்த்துக் கையெழுத்திடுவார்.

கடலோரத்துக்கே உரிய இன்னொன்று. அவசர வழிக் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்துத் திறக்கவில்லை என்று ஆய்வில் எழுதியிருக்கிறார்கள். புது இரும்புத் தாழ்ப்பாள் போட்டுப் போட்டோ எடுத்து அனுப்பினால் முடிந்ததா? பாம்பன், இராமேஸ்வரம் பக்கம் உப்புக்காற்றில் இரும்பு என்ன ஆகும்னு வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும். துருப்பிடிக்காத எவர்சில்வர் தாழ்ப்பாள், மாதம் ஒருமுறை திறந்து பார்க்கப் பொறுப்பான ஒருவர், பார்த்த தேதியைக் குறிக்கக் கதவருகே ஒரு அட்டை. இதையும் எழுதினால்தான் அது திட்டம். தீயணைப்புக் கருவிக்கும் இதே கதைதான்.

செய்ததற்குச் சான்றும் இணைக்கணும். ரசீது, பணிப்பட்டியல், தேதியோடு எடுத்த போட்டோ எல்லாம் சான்றுதான். தங்கியிருப்பவர்களின் முகம் மட்டும் அதில் வேண்டாமே. ஆய்வில் சொன்னது தவறு என்று நினைத்தால், அதையும் ஆதாரத்தோடு தனியாக எழுதுங்கள். மழுப்ப வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இது வழக்கமாகவே இருக்கிறது. அங்கே நர்சிங் ஹோம் என்றால் முதியோரை நீண்ட காலம் பராமரிக்கும் இடம் (நம்ம ஊரில் அந்தப் பெயருக்குச் சின்ன தனியார் மருத்துவமனை என்று அர்த்தம்). குறைப்பட்டியல் கைக்கு வந்த 10 நாளுக்குள் திருத்தத் திட்டம் கொடுத்தாக வேண்டும். ஆய்வு அறிக்கையை யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம்.

இங்கே நீங்கள் என்ன செய்யலாம்? முதலில், காப்பகத்திடம் நேரடியாகக் கேளுங்கள்: கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது, என்ன பதில் கொடுத்தீர்கள் என்று. காட்டத் தயங்கினால், ஆய்வு செய்த அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். கட்டணம் 10 ரூபாய். பதில் தர 30 நாள் அவகாசம். அறிக்கையையும் பதிலையும் சேர்த்தே கேளுங்கள், ஒன்று மட்டும் கிடைத்தால் ஒப்பிட முடியாது. நோயாளிகளின் தனிப்பட்ட மருத்துவ விவரங்கள் கிடைக்காது. அது சரியும்கூட.

எந்த அலுவலகம் என்ற குழப்பம் வரும். முதியோர் இல்லம் என்றால் மாவட்ட சமூக நல அலுவலகம், மாற்றுத்திறனாளிகள் இல்லம் என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், மருத்துவமனை என்றால் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். எது என்று தெரியாவிட்டால், திங்கள்கிழமை இராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவைக் கொடுங்கள், உரிய துறைக்கு அனுப்பிவிடுவார்கள். போனிலேயே சொல்ல முதல்வரின் முகவரி உதவி எண் 1100. முதியோர் தொடர்பானவற்றுக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416. போன் செய்யும்போது காப்பகத்தின் பெயர், ஊர், நீங்கள் கண்ணால் பார்த்தது, பார்த்த தேதி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.