யப்பானிய முகமன் மொழிகளில் எழுத்தும் ஒலியும்

யப்பானியர் பகல் வேளையிற் கூறும் முகமன் மொழி செவிக்குக் 'கொன்னிச்சிவ' என ஒலிக்கின்றது. எழுத்திலோ அது 'கொன்னிச்சிஹ' என முடிகின்றது. இரவு முகமனாகிய 'கொம்பன்வ'வும் இத்தகையதே. ஒலிக்கியைய எழுதுக என விதித்துக்கொண்ட ஒரு நாட்டில், நாள்தோறும் யாவரும் வழங்கும் சொல் அவ்விதிக்குப் புறம்பாய் நிற்பது ஏன் என்பதை ஈண்டு நோக்குவோம்.

இங்கு நாம் இரட்டித்து எழுதிய சகரத்தை ஒற்றையாகவே ஒலித்தல் வேண்டும். தமிழில் இடைநின்ற தனிச் சகரம் மென்மையாக ஒலிப்பதால் வேறு வழியில்லை. யப்பானிய மொழியிலோ இரட்டிப்புப் பொருளையே மாற்றும்: தகரம் ஒற்றையாயின் 'வந்து', இரட்டித்தால் 'தபால் முத்திரை'.

'கொன்னிச்சி' என்பது 'இந்நாள்'. ஈற்றிலுள்ள 'வ' பேசுபொருளைச் சுட்டும் இடைச்சொல். 'இந்நாளோ...' எனத் தொடங்கி நலம் உசாவிய வாக்கியம் காலப்போக்கில் அறுபட, தலைப்பு மட்டும் முகமனாக எஞ்சியது. ஹகர வரிசை எழுத்துகள் சொல்லின் இடையில் வகரமாக ஒலிக்கும் மாற்றம் பதினோராம் நூற்றாண்டளவிற் பரவியது. இவ்விடைச்சொல் என்றும் வேறொரு சொல்லையடுத்தே வருமாதலால் அதுவும் அம்மாற்றத்துக்கு உட்பட்டது. எழுத்து மட்டும் மாறவில்லை.

1946ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வெளியான அமைச்சரவை அறிவித்தல் பழைய எழுத்து முறையை நீக்கியது. 'கியோ' என ஒலிக்கும் 'இன்று' என்ற சொல்லை அதுவரை 'கெஃபு' என எழுதக் கற்ற பிள்ளைகளின் சுமையை எண்ணினால், அச்சீர்திருத்தத்தின் சமூகப் பயன் விளங்கும். காலை முகமனாகிய 'ஒஹயோ' முன்னர் 'ஒஹயஉ' என எழுதப்பட்டது. 'முன்னதாக' எனப் பொருள்படும் 'ஒஹயகு' என்பதன் திரிபே அது என்பதை அவ்வெழுத்துக் காட்டி நின்றது. புதிய முறை அதனை 'ஒஹயொஉ' ஆக்கியது. நெட்டோசையை உகரத்தாற் குறித்தமையால் இதுவும் முழுமையான ஒலியெழுத்து அன்று. 'அரிகத்தோ', 'சயோனரா' என்பனவும் இவ்வழியே மாறின. சொற்களின் உறவு மறைகின்றதென ஃபுக்குதா ட்சுனேஅரி போன்றோர் கண்டித்தனர். அக்கண்டனம் வெறும் பழமைப்பற்றன்று. எனினும் சொற்பிறப்பைக் காக்கும் பொறுப்பைத் தொடக்கப் பள்ளிச் சிறாரின் தலையிற் சுமத்துதல் நியாயமாகாது என்பதே எமது கருத்து.

மேற்கூறிய இடைச்சொல்லுக்கு 1946ஆம் ஆண்டு விதி விலக்களித்தது. ஹகரமே முறை என்றது. 1986ஆம் ஆண்டு யூலை முதலாம் நாள் வெளியான திருத்திய விதி, இரு முகமன்களையும் பெயர்சுட்டி அவ்விலக்கினுள் அடக்கியது. ஆனால் அவ்விதியே 'இமவ' என்ற சொல்லை வகரத்தால் எழுதுமாறு பணிக்கின்றது. மரணத்தறுவாயைக் குறிக்கும் அச்சொல்லும் 'இப்பொழுதோ...' என அறுபட்ட வாக்கியமே. அதன் ஈற்றிலுள்ளதும் அதே இடைச்சொல்லே! ஒன்றில் மூலம் மறக்கப்பட்டதென்றும் மற்றதில் நினைவிலுள்ளதென்றும் எவர் அளந்தனர்? முகமனை வகரத்தால் எழுதுவோர் 'இமவ' சென்ற வழியிலேயே செல்கின்றனர். ஆயினும் பாடசாலையில் அது பிழையெனவே திருத்தப்படுகின்றது.