டப்பா இல்லாத புதையல்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வாரம் முழுக்க ஷிப்டு பார்ப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்க்க அருகிலேயே இருப்பது பழவேற்காடு. அங்கே இறங்கிக் கைப்பேசியைத் திறந்தால், 13 பாகை 25 நிமிடம் வடக்கு, 80 பாகை 19 நிமிடம் கிழக்கு என்று காட்டும். மீன் வறுவல் தேடி வந்தவருக்கு அது வெறும் எண். 'ஜியோகேச்சிங்' ஆடுகிறவருக்கோ அதுதான் துப்பு.

ஆட்டம் எளிது. ஒருவர் மூடி போட்ட டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். தேடிப் பிடிப்பவர் உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதுவார். பொருள் எதையாவது எடுத்தால் ஈடாக ஒன்றைப் போட்டுவிட்டு, டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவார்.

இந்த ஆட்டம் பிறந்த நாள்கூடத் துல்லியமாகத் தெரியும். ஜி.பி.எஸ். சிக்னலைப் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே மங்கலாக்கி வந்த அமெரிக்கா, 2000 மே 2 அன்று அதை நிறுத்தியது. 100 மீட்டர் வரை தவறிக்கொண்டிருந்த கருவி ஒரே இரவில் திருந்தியது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஒரிகன் மாநிலக் காட்டோரத்தில் ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்தார். உள்ளே புத்தகங்கள், கவண், ஒரு பீன்ஸ் டின். இன்று உலகெங்கும் 30 லட்சத்துக்கும் அதிகமான டப்பாக்கள் ஒளிந்திருக்கின்றன. ஆட்டக்காரர்கள் நிமிடத்தை மூன்று தசமம் வரை எழுதுவார்கள். வடக்கு தெற்காகப் பார்த்தால் கடைசி இலக்கத்துக்குத் தரையில் 2 மீட்டர்கூட இல்லை.

ஏரித் தீவு இந்த ஆட்டத்துக்குப் பிடித்தமான களம். படகு ஏறினால்தான் புதையல். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காட்டில் தீவுகளுக்குக் குறைவில்லை. இரக்கம், வேநாடு என்று பல, ஆந்திரப் பக்கத்தில் இருக்கின்றன.

ஆனால் இங்கே டப்பாவை ஒளிப்பது அவ்வளவு சுலபமல்ல. தமிழகப் பகுதி பறவைகள் சரணாலயம். பூநாரைகள் இறங்கும் சேற்றில் பிளாஸ்டிக்கைப் புதைக்க வனத்துறை விடாது. படகும் விளையாட்டல்ல. 2011 கிறிஸ்துமஸ் நாளில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அதன்பின் உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது.

டப்பாவே இல்லாமல் ஆடவும் வழி உண்டு. 'எர்த்கேச்' என்ற வகையில், குறித்த இடத்துக்குப் போய் நிலத்தைப் பார்த்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். மணல்திட்டு கடலை எப்படி மறித்து ஏரியாக்கியது, முகத்துவாரம் ஏன் தூர்ந்துபோகிறது என்று கேட்க இங்கே விஷயம் நிறைய. ஊருக்குள் டச்சுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1613இல் கெல்டிரியா கோட்டை கட்டி, இதே ஊரைச் சோழமண்டலக் கரையின் தலைமையிடமாக வைத்திருந்தவர்களின் கல்வெட்டுகள், எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் நிற்கும் வாசலுக்கு உள்ளே கிடக்கின்றன. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். ஆண்டைப் படித்துச் சொல்ல எதையும் தோண்ட வேண்டியதில்லை.

இடத்தைத் துல்லியமாகப் பிரிக்கும் வித்தை ஏரிக்காரர்களுக்குப் புதிதுமல்ல. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மீனவர்கள் இறால் பிடிக்கும் இடங்களைப் 'பாடு' என்று பிரித்து, சீட்டெடுத்து முறைவைத்து வலை கட்டுகிறார்கள். எந்தப் பாடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை எந்தக் கைப்பேசியும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தியாவுக்கென்று சொந்தமாக இடம்காட்டும் 'நாவிக்' செயற்கைக்கோள்கள் புறப்படுவதும் இதே ஏரிக்கரையிலிருந்துதான். ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013 ஜூலை 1 அன்று முதலாவது கிளம்பியது. 2023 மே 29 அன்று அடுத்த தலைமுறையின் முதல் கோள், என்.வி.எஸ்.-01. ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்குப் போக வேண்டாம் என்று பழவேற்காட்டு மீனவர்களுக்கு அறிவிப்பு வரும். அன்று படகுகள் கரையேறி நிற்கும். வலையைச் செப்பனிட்டபடி உட்கார்ந்திருப்பவர்கள், வடக்கே எழும் புகைக்கோட்டை அண்ணாந்து பார்ப்பார்கள்.